பேரனின் கேம்ப்பும் பரண்மேல் இருந்த அரிக்கேன் விளக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். வந்தவன் காபிகூடக் குடிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறினான். பித்தளை அண்டா, தொட்டில் கட்டை, என்னுடைய ஆபீஸ் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த அரிக்கேன் விளக்கோடு இறங்கினான்.

"தாத்தா, இது எனக்கு வேணும். நாங்க அஞ்சு பேரு ஏலகிரிக்கு கேம்ப் போறோம். டென்ட் போட்டு ரெண்டு நைட் தங்கப் போறோம். இத உள்ள மாட்டினா போட்டோ சூப்பரா வரும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நாற்பது வருஷம் என்னோடு ஊர் ஊராகச் சுற்றிய விளக்கு அது. அதைக் கேட்டு ஒருவன் வந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"கிருஷ்ணாயில் இப்ப எங்கயும் கிடைக்கலியாமே. பெட்ரோல் ஊத்திக்கலாமா தாத்தா?"

விளக்கை அவன் கையிலிருந்து வாங்கி என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். படித்த பிள்ளை. ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய கம்பெனியில் வேலை. அவன் மேல் குற்றமில்லை. மண்ணெண்ணெய் என்ற பொருளோடு வாழ்ந்து பழகாத தலைமுறை. நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். நாமோ "அந்தக் காலத்துல அரிக்கேன் வெளிச்சத்துலதான் படிச்சோம்" என்று பெருமை மட்டும் பேசிவிட்டு, அந்த விளக்கை எப்படி வைத்துக்கொள்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது கேம்ப் கேம்ப் என்று கிளம்புகிறார்கள். கடைகளிலும் பழைய மாதிரி அரிக்கேன் விளக்கு அலங்காரப் பொருளாக விற்கிறது. என்னுடைய கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கைக் கொடுங்கள், ஆனால் பாடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கூடாரத்துக்குள் மட்டும் அதை விடாதீர்கள்.

பெட்ரோல் என்ற சொல் என்னை அறுபது வருஷம் பின்னால் தள்ளிவிட்டது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டில். இதற்கெல்லாம் நடுவிலும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சுப் பாடம் நிற்கவில்லை. வீட்டுச் சாமான்களின் பெயர்களை எழுதிப் படம் போட வேண்டும் என்று ஒரு பாடம். அதில் அரிக்கேன் விளக்குக்கு 'லாம்ப் தம்பேத்' என்று பெயர். தம்பேத் என்றால் புயல். இங்கிலீஷ்காரன் ஹரிக்கேன் என்றதும் புயல்தான். நாம் அதை அரிக்கேன் என்று ஆக்கிக்கொண்டோம். இரண்டு வெள்ளைக்காரர்களும் அந்த விளக்கைப் பார்த்ததும் புயலைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

சாதாரண மண்ணெண்ணெய் விளக்குக்கு அதே பாடத்தில் வேறு பெயர் இருந்தது: 'லாம்ப் அ பெத்ரோல்'. பிரெஞ்சில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்குத்தான் பெத்ரோல். நாம் வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கு அவர்கள் சொல்வது 'எசான்ஸ்'. ப்ரெவே பரீட்சை முடித்துவிட்டு, தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம் என்று ராயபுரத்தில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரம். என் பிரெஞ்சு ஞானத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், "அத்தை, விளக்குக்குப் பெத்ரோல் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து அத்தை ஓடி வந்து என் கையில் இருந்த பாட்டிலைப் பிடுங்கி மோந்து பார்த்தார். கிருஷ்ணாயில்தான் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "இந்த வீட்டுல அந்த வார்த்தைய விளையாட்டுக்குக்கூட சொல்லாத" என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் யாரோ கலப்படம் செய்து விற்ற எண்ணெயை ஸ்டவ்வில் ஊற்றி ஒரு பெண் கருகிப்போனது அந்த வருஷம்தான். அத்தை அதைப் பார்த்தவர்.

விஷயம் இதுதான். மண்ணெண்ணெய் சாதாரண வெயிலில் தானாகத் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை அவ்வளவாக விடாது. திரியில் ஏறி, சூடாகி, அங்கேதான் எரியும். பெட்ரோல் அப்படியில்லை. மார்கழிக் குளிரில்கூட ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அரிக்கேன் விளக்கின் வயிற்றில் பெட்ரோலை ஊற்றிப் பற்ற வைத்தால், அது விளக்கு இல்லை, வெடிகுண்டு. கொஞ்சம்தானே கலக்கிறோம் என்பதும் கூடாது. தின்னர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையா, விளக்கைப் பரணிலேயே விட்டுவிட்டு டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1860-களின் கடைசியில் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த அமைப்பு இது. டயட்ஸ் கம்பெனி அதை வாங்கி உலகம் முழுக்க அனுப்பியது. இரண்டு பக்கமும் காது மாதிரி வளைந்து இறங்கும் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பிடி என்றோ அழகுக்கு என்றோ நினைக்கிறார்கள். சுடருக்குக் காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. வெளியில் எவ்வளவு காற்று அடித்தாலும் அது மேல்மூடியில் மோதி, குழாயில் இறங்கி, அடங்கி ஒடுங்கித்தான் திரிக்கு வந்து சேரும். அதனால்தான் புயலிலும் அணையாது. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ராத்திரி கட்டுமரத்தில் போனவர்கள் இந்த விளக்கைத்தான் நம்பிப் போனார்கள். ராயபுரம் கடற்கரையில் நின்றால், கரையோரமாக வரிசையாகப் புள்ளி புள்ளியாய் அந்த வெளிச்சம் அசைவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளி திரும்பி வரத் தாமதமானால் கரையில் எத்தனை பேர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய்க்கும் நம்ம வடசென்னைக்கும் உள்ள உறவு பழையது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி எம்டன் கப்பல் வந்து குண்டு போட்ட கதையை நம் வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் குண்டுகள் முதலில் விழுந்தது துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகளில். ஊர் முழுக்க வீடுகளில் விளக்கெரிக்க வந்திருந்த மண்ணெண்ணெய், ஒரே ராத்திரியில் மொத்தமாக எரிந்தது. இன்றைக்கும் தந்திரக்காரனைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்டா" என்கிறோம். பிறகு 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. தண்டையார்பேட்டையில் டாங்கிகள், கொருக்குப்பேட்டைப் பக்கம் டாங்கர் ரயில்கள். மண்ணெண்ணெய் காய்ச்சுகிற ஊரிலேயே குடியிருந்துகொண்டு, ஐந்து லிட்டருக்காகக் கிருஷ்ணாயில் பங்க்கில் ரேஷன் கார்டையும் கேனையும் வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். அந்த நீல நிறம் ஞாபகம் இருக்கிறதா? ரேஷன் எண்ணெயை வேறு எதிலும் கலக்காமல் இருக்கச் சர்க்கார் சாயம் போட்டு அனுப்பியது. அப்படியும் கலந்தார்கள்.

கேம்ப் என்ற சொல்லுக்கு எங்கள் ஆபீசில் வேறு அர்த்தம். நான் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் முகாம் எழுத்தராகப் பல வருஷம் இருந்தவன். அதிகாரி டூர் கிளம்பினால், கூடவே பைல் கட்டு, டிரங்குப் பெட்டி, டைப்ரைட்டர், டவாலி, நான், அப்புறம் இந்த அரிக்கேன் விளக்கு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பழவேற்காடு என்று ஜமாபந்தி, வெள்ள நிவாரணம், தேர்தல் எல்லாவற்றுக்கும் இந்தக் கும்பல்தான். பல ஊர்களில் கரண்ட் கம்பம் இருக்கும், கரண்ட் இருக்காது. மண்ணெண்ணெய் 1 லிட்டர், திரி ஒரு முழம், கண்ணாடி ஒன்று என்று சில்லறைச் செலவுப் பில் எழுதிய கை இது. உடைந்த கண்ணாடிக்குக் கணக்குக் கேட்ட தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதியதும் இதே கைதான்.

அந்த விளக்கோடு நான் செய்த வேலைகளில் மறக்காதது 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வீடு இல்லாதவர்களை மட்டும் ஒரே ராத்திரியில் எண்ண வேண்டும் என்பது விதி. பிப்ரவரி 28-ம் தேதி ராத்திரி. அப்போது திருவொற்றியூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த நகராட்சி. கோயில் மதிலோரம், பஸ் நிற்கும் இடம், ரயில்வே கேட் பக்கம் என்று படுத்திருந்தவர்களை எழுப்பிப் பேரும் வயசும் கேட்டு எழுதினோம். டார்ச் அடித்தால் போலீஸ் என்று நினைத்து எழுந்து ஓடினார்கள். அதைப் பார்த்துவிட்டு டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு, அரிக்கேனைத் தரையில் வைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து கேட்டேன். பேசினார்கள். ஒரு அம்மாள் தன் பெயரை எழுதும்போது, விளக்கைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தார், எனக்கு எழுத்து தெரிய வேண்டுமே என்று. டார்ச் அடுத்தவன் முகத்தில் அடிக்கிற வெளிச்சம். அரிக்கேன் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வெளிச்சம். இந்த வித்தியாசத்தை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். பேரனுக்கு இந்த விளக்கைக் கொடுக்கலாம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம், போட்டோ இல்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இத்தனை நாள் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு புயல் மழைக்குப் பிறகு, பழவேற்காட்டுப் பக்கம் நிவாரணப் பட்டியல் எழுதப் போயிருந்தோம். தங்கக் கிடைத்தது உப்பு மூட்டை அடுக்கும் ஒரு சின்னத் தகரக் கொட்டகை. கொசு ஒரு பக்கம், ஊதக்காற்று ஒரு பக்கம். நான்தான் கதவைச் சாத்தி, இடுக்கில் எல்லாம் சாக்கை அடைத்தேன். ராத்திரி எழுந்தால் வேண்டுமே என்று அரிக்கேன் திரியை நன்றாகக் கீழே இறக்கி, மூலையில் வைத்துவிட்டு நானும் டவாலியும் படுத்துவிட்டோம். அவருக்கு என்னைவிட இருபது வயசு அதிகம். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

நடுராத்திரி யாரோ என் காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. தலை பிளக்கிறது. எழுந்திருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது, கை கால் கேட்கவில்லை. அவர்தான் தவழ்ந்துபோய்க் கதவைத் தள்ளித் திறந்து, என் காலைப் பிடித்து வாசல் வரை இழுத்திருக்கிறார். வெளியில் மணலில் விழுந்து வாந்தி எடுத்தேன். அவர் அதற்குமேல் நகர முடியாமல் கதவு நிலையிலேயே சாய்ந்துவிட்டார். விடிந்த பிறகு மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு டூருக்கு வரவில்லை. அடிக்கடி தலைவலி என்று சொல்லிக்கொண்டே ரிட்டயர் ஆனார். "புகையே இல்லியே தம்பி, எப்படி வந்துச்சு?" என்று என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். அப்போது எனக்குப் பதில் தெரியாது.

பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அடைத்த இடத்தில் எது எரிந்தாலும் காற்று குறையக் குறைய அது உண்டாகும். திரியை ரொம்ப இறக்கி மங்கலாக விட்டாலும், திரி கருகியிருந்தாலும் அதிகம் உண்டாகும். நான் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த இரண்டு காரியமும், கதவை அடைத்ததும் திரியை இறக்கியதும், அவர் உயிரைக் குடிக்கப் பார்த்தன. ஆபீசில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதி வைக்கவில்லை. மழையில் நனைந்து உடம்புக்கு ஆகவில்லை என்று லீவு விண்ணப்பம் எழுதிக்கொடுத்ததே நான்தான்.

பேரன் கொண்டுபோகிற கூடாரம் அந்தத் தகரக் கொட்டகையைவிடச் சின்னது. மழை வராமல், காற்று புகாமல் நன்றாக அடைக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். துணியோ நைலான் ஜாதி. சுடர் பட்டால் உருகிச் சொட்டும். அதற்குள் ஐந்து பிள்ளைகள் ஜிப்பை இழுத்துவிட்டு, போட்டோ அழகாக வருகிறது என்று அரிக்கேனை மாட்டிவிட்டுத் தூங்கினால்? அன்றைக்கு என் பக்கத்தில் படுத்திருந்த மாதிரி ஒரு அண்ணன் அவர்கள் பக்கத்தில் இருப்பாரா?

இதை எழுதும்போதே சிலர் சொல்வது காதில் விழுகிறது. "அப்படியானால் அரிக்கேனே எதற்கு? எல்.இ.டி. விளக்கு இருக்கே." நியாயமான கேள்வி. கூடாரத்துக்குள் எல்.இ.டி.தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வெளிச்சக் கணக்கில் பார்த்தாலும் அரிக்கேன் சில மெழுகுவர்த்திகளுக்குச் சமம், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் "எங்க காலத்து விளக்குக்கு ஈடாகுமா" என்று உருகுகிறவர்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அரிக்கேன் வெளிச்சத்தில் படித்தோம் என்கிறோமே, விரும்பியா படித்தோம்? எண்ணூரில் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது. அதன் புகைபோக்கி நிழல் விழுகிற குப்பங்களில் எத்தனையோ வீடுகளில் சிம்னி விளக்குதான் எரிந்தது. அந்த நிலையத்தையே 2017-ல் மூடியாகிவிட்டது. கோடைக்காலம் வந்தால் குடிசைகள் வரிசையாக எரியும். ஒரு சிம்னி விளக்கு உருண்டால் போதும், ஒரு தெரு போய்விடும். தள்ளுவண்டியில் காடா விளக்கு வைத்து வியாபாரம் செய்தவர்களின் மூக்கைக் கைக்குட்டையால் துடைத்தால் கரி வரும். ஸ்டவ் வெடித்துக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்தக் காலம் போனது நல்லதுக்குத்தான். அதை அழகாகத் துடைத்து ஷோகேஸில் வைப்பது, அதில் வெந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

பிறகு ஏன் கொடுக்கிறேன்? நெருப்பை மரியாதையோடு வைத்துக்கொள்ளத் தெரிந்த கடைசி ஆட்கள் நாம்தான். எல்.இ.டி.யைத் தட்டினால் எரிகிறது, மறந்துவிடலாம். அரிக்கேனை மறக்க முடியாது. திரியை நேராக வெட்ட வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும், புகைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். வெளிச்சம் கொஞ்சம் என்பதால் வட்டமும் சின்னதாகும். ஐந்து பிள்ளைகளும் ஐந்து மூலையில் செல்போனோடு உட்காராமல், ஒரு ராத்திரியாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினால் எனக்குப் போதும். திறந்த வெளியில் அரிக்கேனால் அந்த நன்மை உண்டு. அங்கே காற்றும் தாராளம்.

ஆனால் எல்லாத் திறந்த வெளியும் ஒன்றில்லை. ஏலகிரியில் இவர்கள் தங்கப் போவது யாரோ ஒருவருடைய தோட்டம், அதற்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் சுவாமிமலை ஏறப் போகிறார்கள். அது காட்டு வழி. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ம் வருஷத்தது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது மட்டும் அதில் குற்றமில்லை. அனுமதியில்லாமல் தீயை வைத்திருப்பதும் எடுத்துக்கொண்டு போவதும் குற்றம். எரிகிற அரிக்கேனும் தீதான். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, பாதிப் பேர் இவன் வயசுப் பிள்ளைகள். அந்தத் தீ எதனால் வந்திருந்தாலும், காய்ந்த புல் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எனவே விளக்கு தோட்டத்தோடு நிற்கட்டும், மலைக்கு டார்ச் போகட்டும்.

ரயிலில் ஜோலார்பேட்டை போய் அங்கிருந்து பஸ் பிடிப்பதாகத்தான் திட்டமாம். மண்ணெண்ணெய்க் கேனோடு ரயில் ஏறக் கூடாது, அது சட்டப்படி குற்றம் என்றேன். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் யாரோ கள்ளத்தனமாகக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை ஞாபகப்படுத்தினேன். காரில் போவதாக மாற்றிக்கொண்டார்கள். காரிலும் விளக்கின் வயிறு காலியாகத்தான் போக வேண்டும்.

அவன் நண்பன் ஒருவன் பெட்ரோமாக்ஸ் தேடுகிறானாம். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் மேன்டிலை வைத்துக் கவுண்டமணியும் செந்திலும் செய்த கூத்தை செல்போனில் பார்த்த வினை. அழகான விளக்குதான், ஆனால் பம்ப் அடித்து அழுத்தத்தில் எரிவது. பழகாதவர் கைக்கு அது வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். பழைய மேன்டிலில் இருப்பது தோரியம் ஆக்சைடு, கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள சாமான். ஒரு காலத்தில் அதற்கான மணல் நம்ம கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பல் ஏறியது. எரிந்த மேன்டில் சாம்பலை வாயால் ஊதித் தட்டுவோமே, அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை மறுபடி வரச் சொன்னேன். வந்தான். மொட்டை மாடியில் பாடம் நடந்தது. வெள்ளை மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் எனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கிடைத்தது. முதலில் அடித்தட்டில் துரு ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வெயிலில் காய வைத்தோம். திரி புதிதாகப் போட்டோம். புனல் வைத்து முக்கால் அளவு மட்டும் ஊற்றச் சொன்னேன். சிந்தியதைத் துடைத்துவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். திரி ஊறப் பத்து நிமிஷம். பற்ற வைத்துக் கண்ணாடியை இறக்கிய பிறகு, மஞ்சளாக வட்டமாக எரிகிற அளவுக்குத் திரியை வைக்க வேண்டும். மேலே தூக்கினால் கரி, கீழே அமுக்கினால் நான் சொன்ன விஷம். எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றவே கூடாது. கீறல் விழுந்த கண்ணாடி வேண்டாம். மரத்தில் மாட்டாமல், சருகு இல்லாத சமதரையில் கல் மேல் வைக்க வேண்டும். கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி. தூங்கப் போகும் முன் அணைத்து, ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் படுக்க வேண்டும். "கேம்ப்புக்கு ஒரு விளக்கு ஆள் போடுங்கடா" என்றேன். "நான்தான் தாத்தா அது" என்றான்.

அப்புறம் அந்தத் தகரக் கொட்டகைக் கதையையும் சொன்னேன். அவன் பாட்டிக்கும் அன்றைக்குத்தான் முழுசாகத் தெரியும். பேரன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அவர் வீட்ல யாருக்காவது இது தெரியுமா தாத்தா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் மீஞ்சூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடியில் இருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கு தெரிந்தது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் ஆரஞ்சு நிற வெளிச்சம். 2016 டிசம்பரில் வார்தா புயலுக்குக் கரண்ட் போய் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தபோது, வீட்டில் மீதியிருந்த கடைசி நீல எண்ணெயில் இதே விளக்கை ஏற்றினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஏற்ற எண்ணெய் இல்லை. ஆனால் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்து, படகும் வலையும் கருப்பானது. எண்ணெயோடு வாழ்ந்த ஊர் நம்முடையது. அதன் குணம் நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு அரிக்கேன் இருக்கும். இந்த வாரம் அதை இறக்கிப் பாருங்கள். கேட்கிற பிள்ளை இருந்தால் கொடுங்கள், பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை ஏற்றி அணைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கொடுங்கள். உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிற கதை ஏதாவது இருந்தால், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.